செவிட்டுப் பக்கம்

அந்தத் தெருவில் உஸ்ஸாரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இப்போது யாரும் இல்லை. மின்சார ரசீதில் மட்டும் அந்தப் பெயர் உயிரோடு இருக்கிறது. மற்ற எல்லாருக்கும் அவர் உஸ் சார். வேகமாகச் சொன்னால் உஸ்ஸார். வாசலில் யாராவது கொஞ்சம் பலமாக இருமினாலும் ஜன்னல் திரை விலகும், உதட்டின் மேல் ஒரு விரல் வரும், "உஸ்" என்று ஒரு சத்தம் வரும், திரை மூடிக்கொள்ளும். இந்தப் பட்டப்பெயரை வைத்த புண்ணியவான் யார் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆத்திரம். மூலையிலிருக்கும் மளிகைக் கடைக்காரர் மேல்தான் சந்தேகம். அதனாலேயே அந்தக் கடையைத் தாண்டிப் போய் அடுத்த தெருவில் சோப்பு வாங்குவார். கடைக்காரருக்கு இன்றுவரை தான் செய்த குற்றம் என்னவென்று தெரியாது.

தொழில் ஒலிப்பதிவு. பாடுகிறவர்கள் அவரிடம் வருவதில்லை, வாத்தியக்காரர்கள்தான் வருவார்கள். கிடார், வயலின், புல்லாங்குழல், செல்லோ என்று மின்சாரம் இல்லாமலே சத்தம் கொடுக்கிற சாமான்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வீட்டின் உள்ளறைதான் பதிவறை. சுவர் முழுக்கக் கம்பளியும் பழைய மெத்தையும் அடித்து வைத்திருக்கிறார். கதவிடுக்கில் ரப்பர் பட்டை. அவரும் இயந்திரங்களும் முன்னறையில். இரண்டு அறைக்கும் நடுவில் மற்ற இடங்களில் ஒரு கண்ணாடித் தடுப்பு வைப்பார்கள். கண்ணாடியில் சத்தம் பட்டுத் திரும்பும் என்று அவர் அதையும் வைக்கவில்லை. ஆகவே உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஹெட்போனில் வருவது மட்டும்தான் அவருக்கு உலகம்.

மாடியில் ஒரு தையல்கார அம்மா குடியிருக்கிறார். அவருக்கும் உஸ்ஸாருக்கும் ஓர் ஒப்பந்தம். படியருகே ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் அந்த அம்மா மிஷினை நிறுத்திவிட்டுப் பொத்தான் தைப்பார்; அணைந்தால் மிஷின் ஓடும். அந்த அம்மா தைத்த சட்டைகளில் பொத்தான் மட்டும் யுகத்துக்கும் அறுந்து விழாமல் இருப்பதற்கு உஸ்ஸார்தான் காரணம்.

போன மாதம் ஒரு கிடார்காரர் வந்தார். சளி பிடித்த மூக்கும், கையில் அருமையான கிடாருமாக வந்தவர், அலமாரியில் இருந்த மைக்குகளைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை பொம்மைக் கடையில் நிற்பதுபோல் நின்றுவிட்டார்.

"சார், அந்தப் பெரிய மைக் போடலாமா? நல்லா கேக்கும்ல?"

"பெருசா இருந்தா நல்லா கேக்கும்னு யாரு சொன்னது? யானைக்குக்கூடத்தான் காது பெருசு. அதுகிட்ட போய் வாசிக்கிறீங்களா?"

கிடார்காரர் சிரித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். அந்த உறிஞ்சல்தான் உஸ்ஸாரின் முகத்தைச் சுளிக்க வைத்தது. "வாசிங்க" என்று சொல்லிவிட்டு ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டார். திறந்த காதை முன்னால் நீட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி, கிடாரைச் சுற்றி மெதுவாக நகர்ந்தார். புதிதாகப் பார்ப்பவர்கள் இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்றுதான் நினைப்பார்கள். கிடாரின் வட்ட ஓட்டைக்கு நேராகக் கேட்டால் சத்தம் குடத்துக்குள் பேசுவதுபோல் பொங்கும். கழுத்துப் பக்கம் அதிகம் போனால் விரல் கம்பியில் உரசுகிறது தெரியும். கழுத்தும் உடலும் சேர்கிற இடத்தில் ஒரு நல்ல இடம் இருக்கிறது; ஆளுக்கு ஆள் அது கொஞ்சம் மாறும். அங்கே காது நின்றால் அங்கே மைக் நிற்கும். அன்றைக்கு அவர் எடுத்தது விரல் தடிமனில் ஒரு கண்டென்சர் மைக். முன்னால் இருப்பதை மட்டும் கேட்கிற சாதி. முதுகுப் பக்கத்தைக் கிடார்காரரின் மூக்குக்குக் காட்டி வைத்தார். மூக்கு போயிற்று, கிடார் மட்டும் மிஞ்சியது.

பதிவு முடிந்ததும் அவர் எப்போதும் செய்கிற வேலை, தலையையும் வாலையும் வெட்டுவது. முதல் சுரத்துக்கு முன்னால் இருப்பதெல்லாம் தலை, கடைசிச் சுரம் அடங்கியபின் வருவதெல்லாம் வால். இரண்டும் குப்பை. அந்தக் காலத்தில் பிளேடால் டேப்பை வெட்டுவார், இப்போது கம்ப்யூட்டரில்.

"சார், வாசிக்கிறதுக்கு முன்னாடி நான் கொஞ்சம் பேசினேனே?" என்றார் கிடார்காரர்.

"வெட்டியாச்சு."

"என் வீட்டுக்காரி பேரைச் சொல்லித்தான் சார் ஆரம்பிச்சேன். அவளுக்காக வாசிச்சது."

"வாசிச்சது இருக்குல்ல. அப்புறம் என்ன?"

கிடார்காரர் கிடாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அவர் போனபின் வீடு மறுபடி பழையபடி ஆயிற்று. அமைதி வேண்டும், அமைதி வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கத் தெருவோடு மல்லுக்கு நின்ற மனிதருக்கு அது இப்போது வேண்டிய மட்டும் கிடைத்திருக்கிறது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. சாப்பிடும்போது தன் தாடை அசைகிற சத்தமே தனக்குக் கேட்கும். அது அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் வேகமாகச் சாப்பிட்டுவிடுவார்.

அவருடைய மனைவி வயலின்காரி. மகளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவில்லை. அதன்பிறகு மகள் சித்தி வீட்டில் வளர்ந்தாள். லீவுக்கு வருவாள், கம்பளி அடித்த அறையில் உட்கார்ந்திருப்பாள், போவாள். இப்போது வேறு ஊரில் கணவன், குழந்தை என்று இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வரும். சாப்டீங்களா, சாப்ட்டேன். மாத்திரை போட்டீங்களா, போட்டாச்சு. மாப்பிள்ளை நல்லா இருக்காரா, இருக்காரு. சரிப்பா, சரிம்மா. ஒரு வார்த்தை கூடாது, குறையாது. வெட்டி ஒட்டின டேப் மாதிரி இருக்கும் அவர்கள் பேச்சு.

கிடார்காரர் வந்துபோன அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, மாத்திரை போட்டாகிவிட்டது என்று அவர் சொன்னபிறகும் மகள் போனை வைக்கவில்லை.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"உங்க பேத்தி நேத்து எங்கிட்ட, 'உங்கம்மா எப்படிப் பேசுவாங்க? பேசிக் காட்டு'ன்னா. நானும் வாயைத் திறந்துட்டேன். ஒண்ணும் வரலப்பா. மூஞ்சி ஞாபகம் இருக்கு, கை ஞாபகம் இருக்கு. குரல் சுத்தமா போயிடுச்சு. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. உங்ககிட்ட அம்மா பேசினது ஏதாவது இருக்குமா? பெருசா எல்லாம் வேண்டாம். ஒரு வார்த்தை போதும்."

"என்கிட்டயா கேக்குற?" என்றார் உஸ்ஸார். உண்மையிலேயே சிரிப்பு வந்தது அவருக்கு. "அலமாரி நிறைய உங்கம்மாதான் இருக்கா. அடுத்த வாரம் அனுப்பறேன்."

போனை வைத்தபோது அவருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சந்தோஷம். மகள் தன்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாள், அதுவும் தன் கையில் இருக்கிற ஒன்றை. அன்றைக்கு மத்தியானமே அலமாரியின் மேல்தட்டைத் திறந்து, டேப் பெட்டிகளை இறக்கி, தூசி தட்டி, பழைய இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெட்டிகளின் கதையை இங்கே சொல்ல வேண்டும். ஓர் இசைப் பள்ளிக்காக அவரும் மனைவியும் சேர்ந்து வயலின் பாட டேப்புகள் செய்துகொடுத்தார்கள். அவள் வாசிப்பாள், அவர் பதிவு செய்வார், மாணவர்கள் அதைப் போட்டுக்கொண்டு கூடவே பழகுவார்கள். இதில் ஒரே ஒரு தொல்லை. அவளுக்கு வாசிக்கும்போது முனகுகிற பழக்கம். வில் போகும்போது தொண்டையும் கூடவே போகும். வயலினோ தாடைக்குக் கீழே இருக்கிறது. வாய்க்கும் கம்பிக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. பதிவில் வயலின் வந்தால் முனகலும் வரும்.

உஸ்ஸார் தலையைப் பிய்த்துக்கொண்டார். கண்டென்சர் மைக் வைத்தால் முனகல், மூச்சு, வில்லில் தேய்த்த பிசின் உதிர்கிறது வரைக்கும் கேட்டது. மேடையில் பேச வைக்கிற சாதாரண மைக்கை வைத்தால் முனகல் குறைந்தது, வயலினும் கூடவே கம்பளி போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. பல்லிடுக்கில் தீக்குச்சியைக் கடித்துக்கொண்டு வாசிக்கச் சொல்லிப் பார்த்தார். அவள் வாசித்தாள், ஆனால் வயலின் விறைத்துப் போயிற்று. "முனகாம வாசிச்சா எனக்கே நான் வாசிக்கிற மாதிரி இல்ல" என்று தீக்குச்சியைத் துப்பிவிட்டாள்.

கடைசியில் வழி பிறந்தது ஒரு ரிப்பன் மைக்கில். உள்ளே மெல்லிய தகட்டு நாடா ஒன்று தொங்குகிற மைக் அது. அதன் குணம் என்னவென்றால், முன்னால் நன்றாகக் கேட்கும், பின்னாலும் அதே அளவு கேட்கும், இரண்டு பக்கவாட்டிலும் சுத்தச் செவிடு. உஸ்ஸார் மைக்கின் முகத்தை வயலினுக்கும், செவிட்டுப் பக்கத்தை அவள் வாய்க்கும் காட்டித் திருப்பி, விரல் அகலம் இப்படி, விரல் அகலம் அப்படி என்று நகர்த்தி, ஒரு முழு நாள் அதோடு மாரடித்தார். முதுகுப் பக்கம் இருந்த மூலையில் மெத்தையை இரட்டையாகப் போட்டு அடைத்தார். பிறகு முன்னறைக்குப் போய் ஹெட்போனை மாட்டினார். வயலின் மட்டும் வந்தது. முனகல் போன இடம் தெரியவில்லை. அன்றைக்கு அவர் ஆடாத குறைதான். அவருடைய தொழில் வாழ்க்கையில் அதைவிட நல்ல காரியம் அவர் செய்ததில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறார்.

அவள் மைக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இந்தப் பக்கத்துல நின்னு நான் என்ன பேசினாலும் உங்களுக்குக் கேக்காதா?"

"இடியே விழுந்தாலும் கேக்காது" என்றார் பெருமையாக.

அதன்பிறகு மைக்கை அந்த இடத்தை விட்டு அவர் அசைக்கவே இல்லை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அதையும் அந்தச் செவிட்டுப் பக்கத்திலேயே, அம்மாவின் நாற்காலிக்கு அருகில், கலர் பென்சிலும் காகிதமும் கொடுத்து உட்கார வைத்தார். ஹெட்போனில் ஒரு சின்னச் சத்தம்கூட வராது. "எங்க வீட்டுக் குழந்தை மாதிரி சமத்து கிடையாது. மணிக்கணக்கா உக்காந்திருக்கும், வாயே திறக்காது" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். வயலின், வயலின், வயலின். ஒவ்வொரு வாசிப்பும் முதல் சுரத்தில் ஆரம்பித்துக் கடைசிச் சுரத்தில் முடிந்தது. தலையும் வாலும் எவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்கிறார் என்று முதல் நாள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டார். இரண்டாம் நாள் பெருமை போய்விட்டது. பாட எண்ணைச் சொல்கிற குரல் வரும் இடமெல்லாம் பள்ளிக்கூடத்து ஆள் ஒருவரின் கணீர்க் குரல். மனைவிதான் முதலில் அதைத் தானே சொல்கிறேன் என்றாள். உன் தொண்டை கரகரக்கிறது, பதிவுக்கு ஒத்துவராது என்று வேறு ஆளை வைத்தவர் சாட்சாத் இவரே. கல்யாணத்துக்கு போட்டோ மட்டும்தான் எடுத்தார்கள். அவள் இருந்த காலத்தில் படம் பிடிக்கிற போன் இந்த வீட்டுக்கு வரவில்லை. அவள் பேசியதெல்லாம் ஒன்று செவிட்டுப் பக்கத்தில் போயிற்று, இல்லை பிளேடில் போயிற்று.

வாரம் முழுக்க அவருக்கு வேலையில் மனம் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது எடுக்கவும் இல்லை. அடிக்கட்டும் என்று அடங்குகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படியில் இறங்கி வந்த தையல்கார அம்மா திறந்த கதவு வழியாக இதைப் பார்த்துவிட்டார். "என்ன சார், பொண்ணு போன் போல இருக்கே. எடுக்கலையா?"

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் சொல்வதற்கு வேறு ஆள் இல்லாததால் சொல்லிவிட்டார். அந்த அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுருட்டி விரித்தபடி யோசனை செய்தார்.

"இதுக்குப் போயா இப்படி உக்காந்திருக்கீங்க? பொண்ணுக்குத்தான் குரலே ஞாபகம் இல்லையே. யாரையாவது வச்சு ரெண்டு வார்த்தை பேசி அனுப்பிடுங்க. அந்தப் பிள்ளை மனசும் ஆறும்."

உஸ்ஸாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என்ன பேச்சு பேசறீங்க?"

"நல்லதுக்குச் சொன்னேன் சார். வேண்டாம்னா விடுங்க." அந்த அம்மா போய்விட்டார்.

ஆனால் அந்த யோசனை போகவில்லை. விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கிற ஒரு பெண்ணை அவருக்குத் தெரியும். லேசாகக் கரகரக்கிற தொண்டை. பழைய டேப் சத்தத்தைப் பின்னால் சேர்த்துவிட்டால் அவருக்கே சந்தேகம் வராது. எந்த மைக், எவ்வளவு தூரம் என்பதுவரை அவர் மனம் கணக்குப் போட்டுவிட்டது. இரண்டு நாள் இது மண்டையைக் குடைந்தது. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடிப் போனைக் கையில் எடுத்தவருக்கு, மகள் அந்தக் குரலைக் கேட்டு அழுவாளே என்று தோன்றியது. அழுதால் என்ன செய்வது? ஆமாம், அதுதான் உங்கம்மா என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்குமேல் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதையே கட்டிக்காக்க வேண்டியிருக்கும். போனைக் கீழே வைத்துவிட்டார்.

வைத்த கையோடு கம்ப்யூட்டரைத் திறந்து, கிடார்காரரின் பதிவில் தான் வெட்டிய தலையைத் தேடினார். குப்பைத் தொட்டியில் அது இன்னும் கிடந்தது. மூக்கை ஒரு தரம் உறிஞ்சிவிட்டு, "இது உனக்காக" என்று ஒரு பெயரைச் சொல்கிறார் மனுஷன். சாதாரணப் பெயர். அதைப் பழையபடி முன்னால் ஒட்டி, கிடார்காரருக்கு அனுப்பிவைத்தார். ஏன் செய்தோம் என்று தனக்கே விளக்கம் சொல்லிக்கொள்ளவில்லை.

அதன்பிறகு அலமாரியின் அடித்தட்டைத் திறந்தார். அங்கே வீணாய்ப்போன டேப்புகள் கிடக்கும். மேலேயே வேறு பதிவு செய்து மறுபடி உபயோகிப்பதற்காக வைத்திருப்பவை. பெரும்பாலானவற்றின் மேல் வேறு வேறு வாத்தியங்கள் பதிவாகிவிட்டன. ஒரே ஒரு பெட்டி மட்டும் தப்பியிருந்தது. அதன் முதுகில் அவருடைய கையெழுத்தில் சிவப்பாக ஒரு வார்த்தை: கெட்டது.

கெட்ட டேப்புக்கு யார் தலையும் வாலும் வெட்டப் போகிறார்கள்?

இயந்திரத்தில் மாட்டினார். வயலின் வந்தது. நன்றாகத்தான் வாசித்திருக்கிறாள், அப்படி ஒரு வாசிப்பு மற்ற பெட்டிகளில்கூட இல்லை. கடைசிச் சுரம் நீண்டு, மெலிந்து, அடங்கப் போகிற நேரத்தில், பின்னாலிருந்து, பளிச்சென்று ஒரு குழந்தைக் குரல்.

"அம்மா, இப்ப பேசலாமா?"

பிறகு ஒன்றுமில்லை. டேப் ஓடுகிற இரைச்சல் மட்டும். ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கிற நேரத்துக்கு ஒன்றுமில்லை. அதன்பிறகு குழந்தை சிரிக்கிறது. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், விழுந்து விழுந்து சிரிக்கிறது. கதவு திறக்கிறது. அவருடைய குரல், இளமையாக, எரிச்சலாக: "உஸ்." டேப் நின்றுவிட்டது.

அந்த நடு இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார். சத்தத்தைக் கூட்டினார். இரைச்சல்தான் கூடியது. வடிகட்டிப் பார்த்தார், தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒன்று அசைகிற மாதிரி ஒருமுறை தோன்றியது. அடுத்த முறை அதுவும் இல்லை. அந்த இடத்தில் அவள் பேசியிருக்கிறாள். குழந்தை கேட்டதும் இருக்கிறது, குழந்தை சிரித்ததும் இருக்கிறது. அவள் சொன்னது மட்டும் இல்லை. மைக் அவ்வளவு சரியான இடத்தில் இருந்திருக்கிறது. உஸ்ஸாருக்கு அழுகை வந்தது. வீட்டில் யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதார்.

இருந்தாலும் அதை அப்படியே, வெட்டாமல் கொள்ளாமல், மகளுக்கு அனுப்பினார். இருப்பது இதுதான், இதையும் அவளிடமிருந்து மறைக்க வேண்டாம் என்று தோன்றியது. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

"அப்பா, அது நான்தானே?"

"நீதான்."

"நடுவுல ஒண்ணுமே இல்லையே?"

"அது அம்மா பேசின இடம். அம்மா இருந்த பக்கம் அந்த மைக்குக்குக் கேக்காது. அப்படித்தான் நான் வச்சிருந்தேன். எல்லா டேப்லயும் தேடிட்டேன். வேற எங்கயும் இல்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான்தாம்மா இல்லாம பண்ணிட்டேன்" என்று அதையும் சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கம் பேச்சில்லை. போனை வைத்துவிட்டாள் போல என்று அவர் நினைத்தபோது, அவள் சிரித்தாள். டேப்பில் கேட்ட அதே சிரிப்பு, அடக்கப் பார்த்து அடங்காத சிரிப்பு.

"அப்பா, அம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும்."

"என்ன சொன்னா?"

"நான் எப்பவும் அம்மா பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். அன்னைக்கு என் பென்சில் உருண்டு அந்த மெத்தை மூலைக்குப் போயிடுச்சு. எடுக்கப் போனவ அங்கிருந்தே கேட்டுட்டேன். அம்மா உடனே, 'அங்க நின்னு பேசாதடி, உஸ்ஸுக்குக் கேட்டுடும். இந்தப் பக்கம் வா'ன்னாங்க."

"யாருக்குக் கேட்டுடும்?"

"உஸ்ஸுக்கு. உங்களுக்குத்தான்பா. அம்மா உங்களை அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க ரெண்டு பேருக்கும் ரகசியம் அது. நான்தான் தெருவுல விளையாடப் போன இடத்துல உளறிட்டேன்."

இத்தனை வருஷம் அடுத்த தெருவுக்கு நடந்து போய் சோப்பு வாங்கிய மனிதர் ஜன்னல் திரையை விலக்கி மூலைக் கடையைப் பார்த்தார்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் உள்ள பேசிக்கிட்டா இருந்தீங்க?"

"எப்பவும். ஒவ்வொரு தடவை அம்மா வாசிச்சு முடிச்சதும், நீங்க கதவைத் திறக்கிற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்போம். 'இந்தப் பக்கம் நமக்கு, அந்தப் பக்கம் அப்பாவுக்கு'ன்னு அம்மா சொல்லிக் கொடுத்தாங்க." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அம்மா குரல் இன்னும் வரலப்பா. ஆனா சொன்னதெல்லாம் வருது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் வந்துடுச்சு."

சமத்துக் குழந்தை, வாயே திறக்காது என்று ஊரெல்லாம் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. தன் வீட்டில், தனக்கு ஒரு சுவர் தள்ளி, இரண்டு பேர் வருஷக்கணக்கில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, தான் மட்டும் காதில் இரண்டு மூடிகளைப் போட்டுக்கொண்டு அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பொறாமைதான் வந்தது, அதைச் சொல்ல வெட்கமென்ன.

"அப்படி என்னதான் பேசுவீங்க?" என்று கேட்டார்.



"உங்களைப் பத்திதான்பா. நீங்க எப்ப ஹெட்போனைக் கழட்டுவீங்கன்னு. 'இந்த ஒண்ணு சரியா வந்துடுச்சுன்னா கழட்டிடுவாரு, அப்புறம் மூணு பேரும் வெளிய போயிட்டு வரலாம்'னு அம்மா சொல்லுவாங்க. அன்னைக்கும் வாசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. அந்தத் தடவை ரொம்ப நல்லா வாசிச்சிட்டதா அவங்களுக்குச் சந்தோஷம்."

"அன்னைக்குப் போனோமா?"

"இல்லப்பா. டேப் கெட்டுப் போச்சு, இன்னொரு தடவை எடுக்கணும்னு சொல்லிட்டீங்க."

உஸ்ஸார் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஹெட்போன் போனில் இடித்தது. அதைத் தலைவழியாகக் கழற்றி மேசை மேல் வைத்தார். மாடியில் தையல் மிஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. சிவப்பு பல்பின் சுவிட்ச் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

"என்னப்பா அது சத்தம்? உங்களுக்குக் கேக்குதா நான் பேசறது?"

"மேல் வீட்டு அம்மா. தைக்கட்டும்" என்றார். "கேக்குது. நீ சொல்லு, வேற என்ன சொன்னா?"